ஒரு நபர் கமிட்டியும் பச்சைப் பேட்டரியும்

“இன்னொருத்தன் பேட்டரிக்கு நான் கை நீட்டுற நாள் வந்தா, அன்னைக்கே இந்தத் தொழில விட்டுட்டு வீட்டுல உக்காந்துடுவேன். எழுதி வச்சுக்கங்க.”

வரலாற்றுச் சிறப்புமிக்க இந்தப் பிரகடனம் ஒரு கருவிக் கடையின் கல்லா மேசைக்கு முன்னால் வெளியிடப்பட்டது. வெளியிட்டவர் ஒரு தச்சர். சமையலறைகளுக்கு அலமாரி செய்து மாட்டுவது அவர் தொழில். சாட்சிகளாக மூன்று பேர் இருந்தார்கள். எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னதும் கடைக்காரர் உண்மையிலேயே பேனாவைத் தேடினார், பில் போடுவதற்கு. குழாய்க்கு எல்போ வளைவு வாங்க வந்திருந்த பிளம்பர், சாமான் கைக்கு வரும்வரை யார் எதைச் சொன்னாலும் தலையாட்டத் தயாராக இருந்தார். மூன்றாவது ஆள் தச்சருடைய மனைவியின் தம்பி. அந்த ‘இன்னொருத்தன்’ தான்தான் என்று புரிந்ததால், அவன் கடை வாசலில் சாய்த்திருந்த ஏணியின் விலைச் சீட்டை மிகுந்த அக்கறையோடு படித்துக்கொண்டிருந்தான்.

அந்த வட்டாரத்தில் யாரும் தச்சரைத் தச்சர் என்று கூப்பிடுவதில்லை. கமிட்டி என்பதுதான் பெயர். எந்த மின்விசிறி வாங்கலாம் என்று கோடையின் தொடக்கத்தில் யோசிக்க உட்கார்ந்தவர், முடிவோடு எழுந்தபோது வீட்டில் எல்லோரும் போர்வையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். “எங்க வீட்டுல கமிட்டி கூடியிருக்கு, தீர்ப்பு வந்ததும் சொல்றேன்” என்று மனைவி பக்கத்து வீட்டில் சொன்னது சுவர் தாண்டி, தெரு தாண்டி, மர டிப்போ வரைக்கும் போய்விட்டது. அவருக்கு அதில் வருத்தமில்லை. கமிட்டியில் தலைவர், செயலாளர், உறுப்பினர் எல்லாம் தானே என்பதால் கூட்டத்தில் எதிர்ப்பே எழாது என்பது அவருக்கு ஒரு பெருமை.

தொழிலில் அவரும் மைத்துனனும் ஒரு ஜோடி. சமையலறையில் மேல் அலமாரி மாட்டுவது இரண்டு ஆள் வேலை. ஒருவன் தூக்கிப் பிடிக்க வேண்டும், ஒருவன் சுவரில் துளை போட்டுத் திருகாணியை முடுக்க வேண்டும். இத்தனை வருடமாகத் தூக்கிப் பிடித்தவன் மைத்துனன். முடுக்கியவர் கமிட்டி. முடுக்குவது மூளை வேலை, பிடிப்பது உடம்பு வேலை என்பது கமிட்டியின் கருத்து. மைத்துனன் இதை மறுத்ததில்லை. அலமாரிக்கு அடியில் கழுத்தை மடக்கி நிற்பவனுக்குத் தத்துவ விவாதம் செய்யத் தோதுப்படாது.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான், வயர் போட்ட பழைய துளைபோடும் மிஷின் ஒரு நாள் புகைவிட்டு உயிரை விட்டது. இனிமேல் பேட்டரி மிஷின்தான் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். மறுநாள் மதியம் மைத்துனன் ஒரு சிவப்புப் பெட்டியோடு வந்து நின்றான். டிரில், கட்டர், இரண்டு பேட்டரி, கூடவே அதே பேட்டரியில் ஓடும் பாட்டுப் பெட்டி ஒன்று. ஏன் சிவப்பு என்று கேட்டதற்கு, பாட்டுப் பெட்டி இலவசமாகத் தந்தார்கள் என்றான்.

கமிட்டி கண்ணை மூடிக்கொண்டார். ஒரு மனிதன் தன் வாழ்க்கையை இப்படியா முடிவு செய்வது என்று அவருக்கு மனசு ஆறவில்லை. ஏனென்றால் விஷயம் சாதாரணமல்ல. ஒரு கம்பெனியின் பேட்டரி அந்தக் கம்பெனியின் எல்லா மிஷினுக்கும் பொருந்தும். அடுத்த கம்பெனியின் மிஷினில் ஏறவே ஏறாது. டிரில் வாங்கினால் கட்டரும் அங்கேதான், கட்டர் வாங்கினால் இழைக்கிற மிஷினும் அங்கேதான்.

“இது சாமான் வாங்குற வேலை இல்லடா,” என்று விளக்கினார். “சம்பந்தம் பண்ற வேலை. இன்னைக்கு ஒரு பேட்டரி உள்ள வந்தா, நாளைக்கு அதோட சொந்தபந்தம் எல்லாம் வந்து உக்காரும்.”

உள்ளே துணி எடுத்துக்கொண்டிருந்த மனைவி வெளியே வராமலே சொன்னாள். “என்னைக் கட்டிக்க அரை மணி நேரத்துல சரின்னு தலையாட்டின மனுஷன் சொல்றாரு. கேட்டுக்கோ தம்பி.”

கமிட்டி கூடியது. படுக்கையறை அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் பென்சிலால் கட்டம் போட்டு, சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று நான்கு கம்பெனிகளையும் நிறுத்தி மதிப்பெண் வழங்கப்பட்டது. மனைவி காலையில் துண்டு எடுக்கப் போனால் வோல்ட் கணக்கைத் தாண்டித்தான் கையை விட வேண்டும். காய்கறிக் கடைத் தராசில் பேட்டரிகள் எடை போடப்பட்டன. தக்காளி வாங்க வந்தவர்கள் வரிசையில் காத்திருந்து தங்கள் கருத்தையும் சொல்லிவிட்டுப் போனார்கள். மிஷின்களை மாடியிலிருந்து கீழே போட்டுப் பார்க்கும் ஒருவரின் வீடியோக்களைக் கமிட்டி ஒன்று விடாமல் பார்த்தார். அவர் தன் வாழ்நாளில் ஒரு சுத்தியலைக்கூடக் கீழே போட்டதில்லை. இருந்தாலும், மாடியிலிருந்து போடும்படி ஒரு நிலைமை வந்தால் எதைப் போடுவது என்று தெரிந்திருக்க வேண்டுமே.

நேரடி விசாரணையும் நடந்தது. எலக்ட்ரீஷியன் நீலத்தைத் தெய்வம் என்றார். ஏசி மெக்கானிக் மஞ்சளைத் தவிர மற்றதெல்லாம் விளையாட்டுச் சாமான் என்றார். இருவரும் கையிலிருந்ததைத்தான் புகழ்ந்தார்கள் என்பதைக் கமிட்டி கூர்மையாகக் கவனித்து, சாட்சியங்களைத் தள்ளுபடி செய்தார். மைத்துனனின் சிவப்பு மட்டும் விசாரணைக்கே எடுக்கப்படவில்லை. பாட்டுப் பெட்டிக்கு மயங்கியவனுடைய கம்பெனி எப்படி இருக்கும் என்பது ஊகிக்க முடியாத ரகசியமா என்ன? இதற்கிடையே அந்தச் சிவப்பு மிஷின்தான் இருவருக்கும் சோறு போட்டுக்கொண்டிருந்தது என்பதைக் குறிப்பிடாமல் விட்டால் சரித்திரத்துக்குத் துரோகம்.

கடைசியில் பச்சை வென்றது. மைத்துனனையும் அழைத்துக்கொண்டு கமிட்டி கடைக்குப் போனார். மிஷின் மேசைக்கு வந்தது. அப்போதுதான் மைத்துனன் தன்னால் முடிந்த நல்ல காரியம் ஒன்றைச் செய்தான்.

“சிவப்பே வாங்கிடலாமே அத்தான். என் பேட்டரியும் உங்களுக்கு ஆகும், உங்களோடது எனக்கு ஆகும். சார்ஜ் தீர்ந்தா மாத்தி மாத்திப் போட்டுக்கலாம்.”

அடுத்து வந்ததுதான் முதல் வரியில் நாம் கேட்ட பிரகடனம்.

பச்சை டிரில் ஒன்றும் இரண்டு பேட்டரிகளும் வீடு வந்து சேர்ந்தன. கொஞ்ச நாளில் பச்சைக் கம்பெனி ஒரு தள்ளுபடி அறிவித்தது. பெட்டியின் மேல் ‘ஒரே பேட்டரி, எல்லா மிஷினும்’ என்று கொட்டை எழுத்தில் போட்ட ஒரு குடும்பப் பேக். உள்ளே கட்டரும் நான்கு பேட்டரிகளும். கமிட்டி தன் வாழ்க்கையில் முதல் முறையாகக் கூட்டம் கூட்டாமல் வாங்கினார். வாங்கியவர் அதைப் பிரிக்கவில்லை. பேட்டரியை முதல் முறை சார்ஜ் போட்ட நொடியிலிருந்து அதன் ஆயுள் குறையத் தொடங்குகிறது என்பது அவர் ஆராய்ந்து கண்டது. ஆகவே பழைய இரண்டு பேட்டரிகளையே உழைக்க வைத்து, புதிய நான்கையும் சீல் உடைக்காமல், கட்டிலுக்கடியில் கன்னி கழியாமல் காப்பாற்றினார்.

பட்டறையில் பச்சையின் ஆட்சி தொடங்கியது. வேலை மேசையின் நடுவே சாக்பீஸ் கோடு ஒன்று விழுந்தது. சிவப்புச் சாமான்கள் கோட்டைத் தாண்டக் கூடாது. பாட்டுப் பெட்டி அளவு குறிக்கும் நேரத்தில் பாடக் கூடாது. கமிட்டி அளவு குறிக்காத நேரமே கிடையாது. பிறகு, சிவப்பை விற்றுவிட்டுப் பச்சைக்கு வந்துவிடும்படி மைத்துனனுக்குக் கெடு கொடுக்கப்பட்டது. நன்றாக ஓடுகிற மிஷினை எதற்கு விற்பது என்று அவன் கேட்டான். கொள்கைக்காக என்றார் இவர்.

மைத்துனன் சாக்பீஸ் கோட்டை விரலால் தொட்டான். “எனக்கு எந்த நிறமும் ஒன்னுதான் அத்தான். உங்களுக்கு என் கையிலேர்ந்து எதையும் வாங்கக் கூடாது. அவ்வளவுதானே விஷயம்?” பாட்டுப் பெட்டியை இடுக்கிக்கொண்டு போய்விட்டான்.

போனவன் கூரைக்கு அடியில் சீலிங் போடும் குழு ஒன்றில் சேர்ந்துகொண்டான். மதியச் சாப்பாட்டுக்கு அக்கா வீட்டுக்கு வருவதும் நின்றது. அவனுடைய தட்டு சமையலறை மேடையில் கவிழ்த்தபடியே இருந்தது. மனைவி அதை எடுத்து உள்ளே வைக்கவில்லை. கமிட்டி கை கழுவப் போகும்போதெல்லாம் கண்ணில் படும்படியாக, ஒவ்வொரு நாளும் துடைத்து, மறுபடி கவிழ்த்து வைத்தாள்.

“சீலிங்காரங்க வெளியூர் வேலைக்குக் கூப்பிடுறாங்களாம்,” என்றாள் ஒரு நாள். “மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணுமாம். போனா ரெண்டு மூணு வருஷம் அங்கயேதானாம்.”

“போகட்டும். யாரு புடிச்சு வச்சா?”

“யாரும் புடிக்கல. அதான் போறான்.”

அதன் பிறகு கமிட்டிக்குத் தரையில் நிற்கும் அலமாரி வேலைகள்தான் வந்தன, அல்லது அவற்றை மட்டும்தான் அவர் ஒத்துக்கொண்டார். மேல் அலமாரி என்றால் நாள் சரியில்லை என்பார். சுவர் ஈரமாக இருக்கிறது என்பார். ஒரு வீட்டில் அந்தச் சுவரின் வடிவமே தனக்கு நம்பிக்கை தரவில்லை என்றார். இதையெல்லாம் கேட்டு அசராத ஒரே ஆள், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர். காரணங்கள் கேட்டே தலை நரைத்தவர் அவர். சுவர் காய்ந்துதான் இருக்கிறது, திங்கட்கிழமை வாருங்கள் என்றார். கமிட்டி போனார்.

தனி ஆளாக மாட்டுவதற்கு அவரிடம் திட்டம் இருந்தது. கீழே இரண்டு பலகைகளை முட்டுக் கொடுப்பது, மிச்சப் பாரத்தைத் தலை தாங்குவது, இடது கை பிடிப்பது, வலது கையால் துளை போட்டு முடுக்குவது. இயந்திரவியலில் இதற்கு இடமுண்டு. காலையில் கீழ் அலமாரிகளைப் பொருத்தியதில் ஒரு பேட்டரி தீர்ந்துபோக, அதைச் சார்ஜரில் மாட்டிவிட்டு, இரண்டாவதைப் போட்டுக்கொண்டு ஸ்டூலில் ஏறினார். முதல் மேல் அலமாரி தலைக்கு வந்தது. ரசமட்டத்தில் குமிழி நடுவில் நின்றது. இடது ஓரத்தில் துளை விழுந்து, திருகாணி ஏறி இறுகியது. வலது ஓரத்துக்கு மிஷினைக் கொண்டுபோனபோது, முட்டுக் கொடுத்த பலகைகளில் ஒன்று நைசாக நழுவித் தரையில் படுத்துக்கொண்டது. பாரம் முழுசும் தலைக்கு இறங்கியது. மிஷின் ஒரு சுற்று சுற்றி, அரைச் சுற்று யோசித்து, நின்றுவிட்டது.

“என்னாச்சு?” என்றார் தலைமையாசிரியை.

“ஒன்னுமில்லம்மா. பேட்டரி மாத்தணும். அந்தப் பெரிய பெட்டி இருக்கு பாருங்க, அதைக் கொஞ்சம் பிரிங்க.”

தலையை எடுத்தால், ஒற்றைத் திருகாணி சுவரின் டைல்ஸைப் பெயர்த்துக்கொண்டு வரும். திருப்புளியால் முடுக்கலாம் என்றால் துளையே இன்னும் போடவில்லை. ஆனாலும் கமிட்டி கலங்கவில்லை. இப்படிப்பட்ட நாளுக்காகத்தானே கட்டிலுக்கடியில் நான்கு பேட்டரிகளைக் காத்து, இன்றைக்குத் துணிந்து எடுத்து வந்தார்? தலைமையாசிரியை சீலை உடைத்து ஒன்றை எடுத்து நீட்டினார். புதுப் பேட்டரியில் ஒரு திருகாணிக்கு ஆகிற சார்ஜாவது கம்பெனியிலிருந்தே வரும். கமிட்டி மிஷினைத் திருப்பிப் பிடித்து, அழுத்தினார். ஏறவில்லை. மறுபடி அழுத்தினார். பாதி வரைக்கும் போய், அங்கே நின்று கொஞ்சமும் மசியவில்லை. அடுத்ததைத் தரச் சொன்னார். அதுவும் அதே இடத்தில் நின்றது.

தலைமையாசிரியை கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விடைத்தாள் திருத்தும் தோரணையில் பெட்டியைத் திருப்பினார். “அடியில சின்ன எழுத்துல போட்டிருக்கே. இது வீட்டு உபயோக வரிசை. இந்த வரிசை மிஷின்களுக்கு மட்டும்தான் பொருந்தும். தொழில்முறை வரிசைக்குப் பொருந்தாது.” பிறகு கமிட்டியின் கையிலிருந்த மிஷினை உற்றுப் பார்த்தார். “உங்களோடது கொஞ்சம் அடர் பச்சை. இது இளம் பச்சை.”

ஒரே கம்பெனி. ஒரே குடும்பம் என்று சொல்லித்தான் விற்கிறான். ஆனால் அண்ணன் பேட்டரி தம்பிக்கு ஏறாது. அலமாரிக் கதவு முழுக்க நான்கு கம்பெனிகளின் குலம் கோத்திரம் எழுதியவர், தான் சம்பந்தம் செய்த வீட்டுக்குள்ளேயே இரண்டு அடுப்பு எரிவதை விசாரிக்க மறந்துவிட்டார்.

சார்ஜரில் போட்டது எழுந்திருக்க ஒரு மணி நேரம் ஆகும். கழுத்து அவ்வளவு நேரம் தருவதாக இல்லை. தலைமையாசிரியை தானும் வந்து பிடிப்பதாகச் சொன்னார். அவருடைய வயதையும் ஸ்டூலின் வயதையும் கூட்டிப் பார்த்துக் கமிட்டி வேண்டாமென்றார். கடைசியில் கமிட்டியின் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, வீட்டுக்குப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார் தலைமையாசிரியை. உங்கள் வீட்டுக்காரர் தலையில் பெரிய பாரத்தோடு நிற்கிறார் என்று தகவல் சொன்னார்.

“அலமாரியச் சொல்றீங்களா டீச்சர், இல்ல தலைக்குள்ள எப்பவும் இருக்குமே, அதைச் சொல்றீங்களா?” என்றாள் மனைவி. பிறகு குரலை மாற்றிக்கொண்டு, “இருங்க, தம்பிய அனுப்புறேன்,” என்றாள். அனுப்பலாமா என்று கமிட்டியிடம் அவள் கேட்கவில்லை. வேண்டாம் என்று கமிட்டியும் சொல்லவில்லை.

அலமாரிக்கு அடியில் நிற்பவனுக்கு அலமாரியின் அடிப்பலகை மட்டும்தான் தெரியும். குமிழி நடுவில் நிற்கிறதா, திருகாணி நேராகப் போகிறதா, முடுக்குகிறவன் அவசரப்படுகிறானா, அளந்து அளந்து யோசிக்கிறானா, ஒன்றும் தெரியாது. கழுத்தில் ஏறும் கனத்தைத் தவிர வேறு செய்தி வராது. கமிட்டிக்கு இந்தக் காட்சி புதுசு. தான் ஒவ்வொரு திருகாணிக்கும் முன்னால் மூன்று முறை அளந்து, பென்சிலைக் காதில் செருகி, எடுத்து, மறுபடி அளந்ததெல்லாம் யார் கழுத்துச் செலவில் நடந்தது என்ற கேள்வி, கூப்பிடாமலே வந்து பக்கத்தில் நின்றது.

மைத்துனன் வந்தான். தலையெல்லாம் சீலிங் மாவு. வாசலிலிருந்தே நிலைமையைப் பார்த்துக்கொண்டான். நழுவிய பலகையை எடுத்துச் செருகினான், ஏணியை விரித்தான், சிவப்பு மிஷினை எடுத்தான். அளக்கவில்லை. துளை போட்டு முடுக்கினான்.

“தலைய எடுங்க அத்தான்.”

கமிட்டி தலையை எடுத்தார். அலமாரி நின்றது. கழுத்து மட்டும் நிமிர மறுத்ததால், அவர் பேச்சு முழுக்க மைத்துனனின் செருப்பைப் பார்த்தே நடந்தது. இன்னும் மூன்று இருக்கிறது என்றார். தெரியும் என்றான் அவன். பச்சைக்கு இன்னும் சார்ஜ் ஏறவில்லை என்றார். அதுவும் தெரியும் என்றான். பிறகு சிவப்பு மிஷினை அவருடைய கையில் வைத்துவிட்டு, வழக்கம்போல அடுத்த அலமாரிக்கு அடியில் போய் நின்றான்.

மிஷின் கைக்கு வாகாக இருந்தது. அதை அவர் வெளியே சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு ஒரு முறைதான் அளந்தார். பென்சில் காதுக்கே போகவில்லை. “இறுகிடுச்சா?” என்று அடியிலிருந்து மைத்துனன் சந்தேகத்தோடு இரண்டு தடவை கேட்டான்.

மாலையில் கமிட்டி தனியாகக் கருவிக் கடைக்குப் போனார். அவரைக் கண்டதும் கடைக்காரர் விளக்கத் தாள்களை எல்லாம் எடுத்து வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, பையனிடம் டீயும் சொல்லிவிட்டார். நீண்ட அமர்வுக்கு வேண்டிய ஏற்பாடு. கமிட்டி உட்காரவில்லை.

“சிவப்புல டிரில் ஒன்னு. பாடி மட்டும் போதும்.”

கடைக்காரருக்குத் தான் சரியாகக் கேட்டோமா என்று சந்தேகம். பேட்டரி இல்லாத வெறும் மிஷின் என்பது, வீட்டில் ஏற்கெனவே அதே நிறத்தில் பேட்டரி வைத்திருக்கிறவர்கள் வாங்குவது. “பேட்டரி, சார்ஜர் எல்லாம் வேணாமா? உங்ககிட்ட பச்சைதானே இருக்கு?”

“சிவப்பு இருக்கு.”

“எங்கண்ணே?”

“நம்ம வீட்டுலதான்,” என்றார் கமிட்டி, கல்லாவின் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்துக்கொண்டு.

வாஷர் வாங்க வந்திருந்த அதே பிளம்பர் ஒரு ஓரமாக நின்றிருந்தார். அவருக்கு ஞாபக சக்தி அதிகம். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “தொழிலெல்லாம் எப்படிண்ணே போகுது?” என்று விசாரித்தார்.

“போகுது,” என்றார் கமிட்டி. டீயைக் குடிக்காமலே கிளம்பிவிட்டார்.

மாதம் முடிந்தது. சீலிங் குழு வெளியூர் போயிற்று. அதில் ஒரு ஆள் குறைவு. சமையலறை மேடையில் கவிழ்த்து வைத்திருந்த தட்டு நிமிர்ந்தது. பட்டறை மேசையில் இருந்த சாக்பீஸ் கோடு, மரத்தூள் துடைக்கும்போது எப்படியோ அழிந்துபோனது. இளம் பச்சைப் பேட்டரிகள் நான்கும் மறுபடி கட்டிலுக்கடியில் ஓய்வெடுத்தன.

அடுத்த வேலை ஒரு மாடி வீட்டில். மைத்துனன் மேல் அலமாரியைத் தூக்கிப் பிடிக்கும் முன், இருவரும் கீழே நின்று சுவரில் அடையாளத் துளைகளைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பாட்டுப் பெட்டி ஜன்னல் திட்டில் ஓடிக்கொண்டிருந்தது. கமிட்டியின் கையிலிருந்த சிவப்பு மிஷின் இழுத்து இழுத்துச் சுற்றி நின்றது. அவர் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே, உள்ளங்கையை விரித்து, வலது கையை முதுகுக்குப் பின்னால் நீட்டினார்.

பாட்டு பாதி வரியில் நின்றது. உள்ளங்கையில் கனமாக ஒன்று வந்து உட்கார்ந்தது. மிஷினில் வைத்துத் தள்ளினார். ‘டக்’ என்று ஏறிக்கொண்டது.